அழகுக்கு ஒட்டிய கண்ணாடி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

என் கிளியைப் பிய்த்துவிட்டார்கள்.

வாசல் கதவில் ஒட்டியிருந்தேன். கண்ணாடியில் நானே தீட்டிய பச்சைக் கிளி. கடைத்தெரு போய்விட்டு வந்து பார்த்தால் கதவு மொட்டையாக நிற்கிறது. வாட்ச்மேன் பூமிநாதன் அண்ணனைப் பிடித்தேன்.

"நோட்டீசு போட்ருக்குல்ல தங்கச்சி, செவுத்துலயும் கதவுலயும் ஒண்ணும் ஒட்டக் கூடாதுன்னு."

"கிளி உங்களை என்னண்ணே செஞ்சுச்சு? கடிச்சுச்சா?"

"என்னைய ஏன் கேக்குற? ஆர்க்கிடெக்ட் சார் உத்தரவு."

அந்த சாருக்கு நிரஞ்சன் என்று நல்ல பெயர் இருக்கிறது. நான் வைத்த பெயர் ஜிப்பா. வெள்ளத்தில் வைகைக் கரைக் குடிசைகள் போன பிறகு, ஒரு அறக்கட்டளைக்காரர்கள் எங்களுக்கு ஊருக்கு வெளியே இந்த மாடிக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். வரைந்து கொடுத்ததும் கூட நின்று கட்டியதும் ஜிப்பாதான். குறை சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் திரும்பின பக்கமெல்லாம் வெள்ளை. பெரியாஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளைதான் இந்தக் கட்டடத்தின் மூச்சாம், அவர் சொல்கிறார். அப்போது நாங்கள் எதை வைத்து மூச்சு விடுகிறதாம்?

சாயங்காலம் ஜிப்பாவே வந்தார். அவர் ஆபீஸ் இன்ஜினியர் பெர்னதெத் மேடமும் வந்தார். படிக்கட்டுச் சுவரில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே மேடம் விரல் நீளத்தில் கண்ணாடித் துண்டுகளை வரிசையாக ஒட்டினார். ஆறு துண்டு. ஒவ்வொன்றிலும் நீல மையில் நம்பரும் இன்றைய தேதியும் எழுதினார்.

"இது என்னத்துக்கு மேடம்?"

மேடம் வாயைத் திறந்தார். சாரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அழகுக்கும்மா," என்றார் சார். "வெயில் பட்டா மின்னும்."

"நாங்க கிளி ஒட்டுனா குத்தம், நீங்க கண்ணாடி ஒட்டுனா அழகா சார்?"

சிரித்தார். சுவர்க் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "சரி, இந்தப் படிக்கட்டுச் சுவர் உங்களுக்கு. என்ன வேணுமோ வரைஞ்சுக்குங்க. இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாத மாதிரி வரைங்க. கண்ணாடியை மட்டும் எடுத்துடாதீங்க" என்றார்.

"சார்..." என்றார் மேடம்.

"ஆபீஸ்ல பேசிக்கலாம் பெர்னதெத்."

இந்த டைரி என் முதலாளி தை மாதம் கொடுத்தது. சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடை, கண்ணாடி வெட்டுவது என் வேலை. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று என்னைக் கட்டிய எங்கள் வீட்டுத் துரை செல்லையா சிரித்ததில் இத்தனை நாள் சும்மா கிடந்தது. இன்றைக்குத் திறந்துவிட்டேன். கிளியைப் பிய்த்த நாளும் இதுதான், சுவர் கிடைத்த நாளும் இதுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

படிக்கட்டே அமளி. கீழ் வீடு, மேல் வீடு என்று பொம்பளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். பாதிப் பேருக்குப் பிரஷ் பிடிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா இடியாப்பம் பிழியும் கையால் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு கொடி இழுத்தாள். ஒரே இழுப்பு. கோடு எப்படி வளைந்ததோ அப்படியே கொடியும் வளைந்தது. மேடம் ஒட்டிய கண்ணாடி ஒவ்வொன்றும் இலைக்காம்பாக உட்கார்ந்துகொண்டது.

"யக்கா, பாய் இருந்திருந்தா உன்னைய வெளியூருக்கு படம் போட அனுப்பியிருப்பாரு."

"அவரு இருந்திருந்தா மொதல்ல அவரு மீசையத்தான் வரைஞ்சு வச்சிருப்பேன். போடி, பச்சை கலக்கு."

கடையில் வெட்டி மிச்சம் விழுந்த கண்ணாடிச் சில்லுகளைக் கொண்டுவந்து பூவுக்கு நடுவே ஒட்டினேன். வெயில் உள்ளே வந்தபோது படிக்கட்டு முழுக்க மினுக்கட்டாம்பூச்சி பறந்த மாதிரி இருந்தது. மேல்மாடி முத்துராக்கு படியில் உட்கார்ந்து அழுதாள். என்னடி என்றால், "ஒண்ணுமில்ல, இப்பத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்கிறாள். குடி வந்து ரெண்டு வருசமாகிறது, பைத்தியக்காரி.

நான் அழவில்லை. பெயிண்ட் நெடி.

ஆகஸ்ட் 19, திங்கள்

மேடத்தின் இரண்டாம் நம்பர் கண்ணாடி உடைந்து நடுவில் பிளந்து நின்றது. பிள்ளைகள் பந்து விளையாடியிருப்பார்கள். ஒவ்வொருத்தனாகக் காதைத் திருகினேன். எல்லாவனும் சத்தியம் செய்கிறான்.

உடைந்த கண்ணாடி வீட்டுக்கு ஆகாது. கடையில் அதே அளவுக்கு ஒன்று வெட்டி, ரெண்டு டியூப் கலந்து பூசுகிற பசையால் ஒட்டினேன். வெறுமையாக இருந்தது. அந்த நீல எழுத்தும் அழகுக்குத்தானே என்று மேடம் எழுதியிருந்தபடியே நம்பரையும் தேதியையும் பார்த்து எழுதினேன். ஒரிஜினல் தோற்றது.

உடைந்த துண்டை வீச மனசு வரவில்லை. தண்ணீர்த் தொட்டி அடியில் சிமெண்ட் பூசி ஒரு மயில் ஆரம்பித்திருக்கிறேன், வீட்டுக்கு வெளியேதான், தோஷமில்லை. அதன் தோகையில் பதித்துவிட்டேன்.

குழம்பு தீய்ந்தது. துரை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நல்ல மனுசன், அல்லது மூக்கடைப்பு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்றைக்கு நாலாம் நம்பர். பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம்.

"கண்ணேறு" என்றாள் நூரக்கா. "படத்தைப் பாக்காதவ யாரு? எல்லாம் நம்ம சொவத்தைத்தான் பாத்துட்டுப் போறாளுக."

மாற்றினேன். உடைந்தது மயிலுக்கு. மேடம் நாலு போட்டால் நாற்காலி மாதிரி மேலே திறந்திருக்கும். என் நாலு மூடிய பொட்டலம். மற்றபடி ஒரு வித்தியாசம் கிடையாது.

ஒரு வேடிக்கை. கோடு நூரக்காவின் கடைசி இலையைத் தாண்டி ஒரு சாண் மேலே ஓடியிருக்கிறது. "யக்கா, உன் கொடி வளருது, தண்ணி ஊத்துனியா?" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே ஏறிப் போய் ரெண்டு இலை சேர்த்து வரைந்துவிட்டு வந்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்றைக்கு நான் பெரிய ஆள். யாரும் என்னோடு சரிக்குச் சமமாக உட்காரக் கூடாது.

அறக்கட்டளையின் பெரிய இன்ஜினியர் தணிகாசலம் ஐயா வந்தார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். பார்வை கொஞ்சம் மட்டு போல, மூக்கு சுவரில் இடித்தது. "ஆறும் முழுசா இருக்கு, நல்லது" என்று எழுதிக்கொண்டார். கண்ணாடி முழுசாக இருந்தால் இவருக்கு என்ன நல்லது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு அழகு பார்க்கிறார்கள்.

ஜிப்பா தொட்டிப் பக்கம் வந்தார். மயிலைப் பார்த்ததும் நின்றார். அப்படியே தரையில் மண்டி போட்டுவிட்டார், வெள்ளை வேட்டியோடு! பெரிய கேமராவால் எடுத்தார், கிட்டே போய், இன்னும் கிட்டே போய். தோகையில் இருந்த நீல எழுத்தை விரலால் தடவினார்.

"இந்தக் கண்ணாடி எங்க கிடைச்சதும்மா?"

"படிக்கட்டுல உடைஞ்சது சார். நான் உடனே புதுசு மாத்திட்டேன், நம்பரோட. கண்டுபிடிக்க முடியாது பாத்துக்கங்க."

விரலை எடுக்கவில்லை. பின்னால் பார்த்தார். பெரியவர் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றார் மெதுவாக. "இனிமேயும் உடைஞ்சா உடனே மாத்திடுங்க. அழகு கெடக் கூடாது. நீங்க பெரிய ஆர்ட்டிஸ்ட்ம்மா."

ஆர்ட்டிஸ்ட்! அவர் போனதும் ஒரு கிலோ அல்வா வாங்கி வந்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். பெர்னதெத் மேடம் ஏன் வரவில்லை என்று ஜிப்பா கிளம்பும்போதே கேட்டேன், வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஜிப்பாவின் டிரைவர் ஒரு கட்டு கண்ணாடித் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் விரல் நீளம். எவ்வளவு அக்கறை. கிளியைப் பிய்த்த மனுசனா இவர்?

செப்டம்பர் 24, செவ்வாய்

முத்துராக்கு வீட்டுக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. துரை போய் இழைத்துக் கொடுத்தார். எதிர் வீட்டுக் கதவும் அப்படியே. "கட்டடம் உங்க சமையலத் தின்னு பெருத்துப் போச்சு" என்றேன். ஐந்தாம் நம்பர் மாற்றினேன். மூன்றாம் நம்பர் மாற்றினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஜிப்பாவுக்குப் பெரிய பரிசாம். இந்தக் கட்டடத்துக்காக. பளபளப் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு என் மயில்! கீழே என் பெயர் இல்லை. "குடியிருப்பவர்களின் கைவண்ணம்" என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறதாக முதலாளி படித்துச் சொன்னார். போகட்டும். அந்தப் பக்கத்தை வெட்டி, தேக்குச் சட்டம் போட்டு, கடையிலேயே நல்ல கண்ணாடி பார்த்து மூடினேன். முதலாளி, "சாமி படத்துக்குக் கூட இப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டதில்லையே விருமாயி" என்றார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாதே, டிவி மேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

மழை விடவில்லை. ஒரே வாரத்தில் எத்தனை மாற்றினேன் என்று நினைவில்லை. ஒட்டிய மறுநாளே விரிசல். டிரைவர் கொடுத்த கட்டு தீரப் போகிறது. எந்தச் சனியன் கண் வைத்ததோ.

அக்டோபர் 22, செவ்வாய்

படிக்கட்டு வளைவில் சுவர் பெயர்ந்து விழுந்தது. நூரக்கா அடியில் நின்று இடியாப்பத் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை.

அக்டோபர் 23, புதன்

ஆஸ்பத்திரி. கையில் கம்பி வைப்பார்களாம். கட்டோடு கிடந்துகொண்டு என்னைப் பார்த்து, "கொடி வாடிருச்சாடி?" என்று கேட்கிறாள். நான் ஏதோ கிண்டலாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பேனா அழுத்தி அழுத்தித் தாள் கிழிகிறது. கிழியட்டும்.

பெர்னதெத் மேடம் பேப்பரில் சேதி பார்த்து ஓடி வந்திருந்தார். படிக்கட்டில் மிச்சம் நிற்கும் கண்ணாடிகளைப் பார்த்தார்.

"இது என் எழுத்து இல்லையே. யாரு மாத்துனது?"

"நான்தான் மேடம். உடைய உடைய மாத்துனேன். அசப்புல ஒண்ணு போலத்தானே இருக்கு?"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அது உடையணும்னுதான் ஒட்டுனேன்."

எனக்கு விளங்கவில்லை. சொன்னார். சுவர் நகர்கிறதா என்று பார்க்கக் கோட்டின் குறுக்கே கண்ணாடி ஒட்டுவார்களாம். சுவர் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஒன்று உடைந்தாலே எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். இந்த இடம் தூர்த்த கண்மாய். கோடு விழுந்த அன்றே பெரியவர் கண்ணாடி ஒட்டச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப அழகுக்குன்னு சொன்னது?"

"சார் சொன்னது. பரிசுக்காரங்க பார்க்க வர்ற நேரம், ஆளுங்களைக் கிளப்பினா பேர் கெட்டுப்போகும்னு..."

"நீ பக்கத்துலதான நின்ன."

"நின்னேன்."

"வாயில என்னத்த வச்சிருந்த? புட்டா?"

அழுதார். அழட்டும் என்று விட்டேன். மக்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தாராம், அதற்குத்தான் வேறு ஊருக்குத் துரத்தினார்களாம், போன வாரம் வேலையை விட்டுவிட்டாராம். எல்லாம் சரி. ஒரு நாள் பஸ் ஏறி வந்து என் காதில் சொல்லியிருக்கலாமே. இந்த வயிற்றெரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? சுவர் கத்தியிருக்கிறது. கத்தக் கத்த நான் புதுக் கண்ணாடி வைத்து அதன் வாயை அடைத்திருக்கிறேன். நூரக்கா அதன் மேல் இலை வரைந்திருக்கிறாள். நாங்கள் எங்கள் ஆசைக்கு வரைந்தோம் என்று நினைத்தோமே, அந்த ஆசையை அல்லவா அவன் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருக்கிறான்? மண்டி போட்டு மயிலைத் தடவினானே, அந்த விரல்!

மேடத்தைத் தொட்டிக்கு இழுத்துப் போனேன். மயில் தோகையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "இரண்டு. இது என் நாலு. அக்கா, இதைத் தொடாதீங்க. இது போதும்."

"இப்பவே பெரியவருக்குப் போன் போடு."

"நாளைக்குப் பேசுறேன். முதல்ல நிரஞ்சன் சாருக்கு ஒரு வார்த்தை சொல்லணும். எங்க தொழில்ல ஒருத்தர் மேல புகார் கொடுக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கொடுக்கணும். அதுதான் முறை."

முறை! எங்களுக்குச் சொல்வதற்கு மட்டும் ஒரு முறையும் இல்லை.

அக்டோபர் 25, வெள்ளி

நூரக்காவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தால் தொட்டியடியில் மயில் இல்லை. புதுச் சிமெண்ட் ஈரம் காயாமல் கிடக்கிறது.

"சார் ஆபீஸ் ஆளுக தங்கச்சி," என்றார் பூமிநாதன் அண்ணன். "ஆபத்தான பூச்சையெல்லாம் கொத்தச் சொல்லி உத்தரவுன்னாய்ங்க. வண்டியில ஏத்திட்டுப் போய்ட்டாய்ங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாலு அடி பின்னால் போனார். நல்லது.

அக்டோபர் 27, ஞாயிறு

கட்டட வாசலில் பந்தல் போட்டுக் கூட்டம். அறக்கட்டளைச் செயலாளர், தணிகாசலம் ஐயா, ஜிப்பா. பெர்னதெத் மேடம் கூப்பிடாமலே வந்து ஓரமாக நின்றார்.

ஜிப்பா எழுந்தார். குரலில் தேன்.

"இந்த மக்கள் மேல எனக்குக் கோபமே இல்லை. ஏழைங்களுக்கும் கலை வேணும்னு நம்புறவன் நான். ஆனா அந்த ஆர்வத்துல, சுவரைக் கண்காணிக்க வச்ச கண்ணாடிகளை இவங்க மாத்திட்டாங்க. நம்பரைக் கூட அப்படியே எழுதியிருக்காங்க. உடைஞ்சது எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை."

செயலாளர் எங்களைப் பார்த்தார். குடியிருப்பவர்களே கண்ணாடியை மாற்றியிருந்தால் பொறுப்பும் அவர்களுடையதுதான், நூர்ஜகான் வைத்தியத்தையும் வீடு மாறுவதையும் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

சனங்கள் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். முத்துராக்கு கூட. இரண்டு வருசம் ஒன்றாகத் தண்ணீர் பிடித்தவள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

"சார் தெரிஞ்சுதான் செஞ்சாரு!" என்றார் மேடம்.

"வேலையை விட்டுட்டுப் போனவங்க கோபத்துல பேசுவாங்க," என்றார் ஜிப்பா. "ஏதாவது ஆதாரம் இருக்கா?"

மேடம் தொட்டிப் பக்கம் பார்த்தார். ஈரச் சிமெண்ட்.

நான் எழுந்து வீட்டுக்குள் போனேன். ஓடிப் போகிறாள் என்று எவளோ சொன்னது காதில் விழுந்தது. டிவி மேலிருந்த படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தேக்குச் சட்டம், நல்ல கனம்.

"சார், இந்தப் படம் யாரு எடுத்தது?"

ஜிப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கூச்சப்படாதீக சார். பரிசு வாங்குன படம். யாரு எடுத்தது?"

"நான்தான்."

"என்னைக்கு எடுத்தீக?"

"ஞாபகம் இல்லை."

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார் தணிகாசலம் ஐயா. "நான் சோதனைக்கு வந்த அன்னைக்கு. நான் அங்கேதான் கை கழுவிட்டு இருந்தேன். வேட்டியில மண்ணு ஒட்டியிருந்ததுக்கு நான் கூடக் கேலி பண்ணேன்."

"ஐயா, டார்ச்சு கொண்டாந்திருக்கீகளா? அந்தத் தோகையக் கொஞ்சம் பாருங்க."

மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "ரெண்டு... ஆகஸ்ட் நாலு. இங்க ஒரு நாலு. அதுலயும் ஆகஸ்ட் நாலு. ரெண்டும் நடுவுல உடைஞ்சிருக்கு."

"என் எழுத்து சார்," என்றார் மேடம். "நாலை நான் அப்படித்தான் போடுவேன். சுவர்ல இருக்கிற நாலைப் பாருங்க, அது வேற ஆள் எழுத்து."

பெரியவர் தன் பையிலிருந்த தாளை எடுத்தார். அதே நாளில் ஆறும் முழுசாக இருப்பதாக அவரே எழுதியது. அதையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நான் பார்த்தது இந்தம்மா ஒட்டினதை. நீ பார்த்தது உடைஞ்சதை. இவ்வளவு கிட்ட குனிஞ்சு பார்த்திருக்கியே நிரஞ்சன். அடுத்த நிமிஷம் நான் கையெழுத்துப் போடும்போது பக்கத்துல நின்னியே."

ஜிப்பா படத்தைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"நான் அழகைத்தான் பார்த்தேன் சார். எழுத்தைக் கவனிக்கலை."

அப்போதுதான் எனக்குள் இருந்தது வெளியே வந்தது.

"அழகைப் பாத்தவரு அதை ஏன் சார் ஆள் விட்டுக் கொத்துனீக? அழகுன்னா வீட்ல கொண்டுபோயி வச்சுக் கும்பிட்டிருக்கணும்ல? உடைஞ்சதுன்னு நான் சொன்னேனா இல்லையா? உடனே மாத்திருங்கன்னு நீங்க சொன்னீகளா இல்லையா? ஒரு கட்டு கண்ணாடி குடுத்து விட்டீகளே, அதுவும் அழகுக்கா? எங்களுக்கு ஒரு கிளி ஒட்ட எடமில்ல. வெள்ளை, வெள்ளைன்னு எங்க கையக் கட்டிப் போட்டீக. உங்க விரிசலை மூடணும்னு வந்ததும் சொவத்தைத் தொறந்து விட்டீக. நாங்க காஞ்சு கெடந்தோம், விழுந்து விழுந்து வரைஞ்சோம். அந்தக் கை இப்பக் கம்பியில தொங்குது. போயிப் பாருங்க சார், அதையும் படம் எடுத்துட்டு வாங்க!"

டிரைவர் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். பெரியவர் அவரைப் பார்த்து, "கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தியாப்பா?" என்றார். அவர் தரையைப் பார்த்தபடி, "கொடுத்தேனுங்க ஐயா" என்றார்.

முத்துராக்கு வந்து என் கையிலிருந்த படத்தின் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது. அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஊரெல்லாம் வெடிச் சத்தம். நாங்கள் சட்டி பானையோடு கல்யாண மண்டபத்துக்குக் குடி மாறினோம், அறக்கட்டளைச் செலவில். துரை, "மறுபடி நமக்குக் கல்யாணமா புள்ள?" என்கிறார். "இந்தத் தடவ மாப்பிள்ளைய மாத்துவேன் யோவ்" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாயில் கிண்டல் வந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

அஸ்திவாரத்தைத் தோண்டினால் சேறு. பழைய கண்மாய்ச் சேறு. அடியில் அப்படியே கிடக்கிறதாம். ஜிப்பாவின் விசயத்தை அவர்கள் தொழில் சங்கம் விசாரிக்கிறது. பரிசுக்காரர்களும் விசாரிக்கிறார்கள். எல்லாரும் விசாரிக்கிறார்கள். ஒருத்தரும் இந்தப் பக்கம் வந்து நூரக்காவிடம் விசாரிக்கவில்லை. நூரக்காவின் ஆஸ்பத்திரிச் செலவு அறக்கட்டளை ஏற்றது. ரெண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெர்னதெத் மேடம் ஞாயிறுதோறும் வந்து அவளுக்கு மாவு பிசைந்து கொடுக்கிறார். மாவு கல் மாதிரி இருக்கிறது. நான் இன்னும் அவரோடு சிரித்துப் பேசவில்லை. பார்க்கலாம்.

மண்டபத்துச் சமையல்கட்டுச் சுவரில் காலையில் ஒரு கோடு கண்ணில் பட்டது. மெல்லிசு. பழைய கோடாக இருக்கலாம். கடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி வந்து குறுக்கே ஒட்டினேன். இன்றைய தேதி எழுதினேன். அதற்கு மேலே ஒரு அட்டையில் பெரிதாக எழுதினேன்:

இது அழகுக்கு இல்லை. உடைந்தால் கத்தவும்.

நூரக்கா பின்னால் வந்து நின்றாள். இடது கையில் பிரஷ்.

"எழுத்து நாய்க்குட்டி ஓடுன மாதிரி இருக்கு. ஓரமா ஒரு கொடி இழுக்கவாடி?"

"மண்டபத்து மேனேஜர் வஞ்சா?"

"வஞ்சா உன் சட்டத்தால அடி."

சுவரைப் பார்த்தேன். அவள் கையைப் பார்த்தேன். பச்சையைக் கலக்கிக் கொடுத்தேன்.

"இழு. ஆனா தள்ளி இழு. கோடு தெரியணும்."